மனநல வார்டில் கீழே விழும் ஆபத்து: நோயாளியிடம் கேட்காமல் தடுக்க முடியுமா?

திருவனந்தபுரம் பேரூர்க்கடை அருகே உள்ள ஊளம்பாறை அரசு மனநல மையம் 1870-ல் தொடங்கப்பட்டது. திருச்சூர், கோழிக்கோடு குதிரவட்டம் ஆகிய இடங்களிலும் இதேபோன்ற அரசு மையங்கள் உள்ளன. இந்த இடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஷாக் ட்ரீட்மென்ட், பூட்டிய கதவு என்றுதான் போகும். வார்டுக்குள் ஒரு நோயாளி தடுமாறி விழுவது பேச்சில் வருவதே இல்லை.

ஆனால் இது சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேரளாவுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6%. இந்தியாவிலேயே இதுதான் அதிகம்.

மனநல வார்டில் என்ன வித்தியாசம்?

இங்கே பலர் படுத்த படுக்கையாக இருப்பதில்லை. எழுந்து நடமாடுகிறார்கள். அதே நேரம் மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். குளோசபின், குவெட்டியாபின் போன்ற மருந்துகள் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று குறைக்கலாம். எழுந்த 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் டாக்டர்கள் கவனிக்க வேண்டும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். லித்தியம் அளவு கூடினால் நடை தடுமாறும். அதனால் 30 வயதுக்காரரும் விழலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது; டாக்டரிடம் பேசுங்கள்.

ஆபத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பல மருத்துவமனைகளில் நர்ஸ்கள் 'மோர்ஸ்' அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். முன்பு விழுந்திருக்கிறாரா, நடை எப்படி என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண். மனநல நோயாளிகளுக்கென்றே வந்த 'எட்மன்சன்' அளவுகோல் மருந்து, தூக்கம், சாப்பாடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது.

மோர்ஸில் ஒரு சுவாரஸ்யமான கேள்வி உண்டு. 'பாத்ரூமுக்குத் தனியாகப் போவீங்களா?' என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். தன்னால் முடிந்ததைவிட அதிகம் முடியும் என்று சொன்னால் மதிப்பெண் கூடும். அதாவது, நோயாளி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் ஆபத்தின் ஒரு பகுதி. வேலை நெருக்கடியில், கேட்காமலே நிரப்பிவிடச் சுலபமான கட்டமும் அதுதான்.

நோயாளி எப்படிப் பார்க்கிறார்?

மூன்று விதமாகப் பார்க்கலாம். ஒன்று, 'வயசானவங்கதான் விழுவாங்க, எனக்கென்ன' என்ற நினைப்பு. தலை சுற்றுவது தெரியும். அதனால் விழலாம் என்று தோன்றாது. இரண்டாவது, அளவுக்கு மீறிய பயம். ஒருமுறை விழுந்தவர் நடப்பதையே குறைக்கிறார், கால் பலவீனமாகிறது, மறுபடி விழுகிறார்.

மூன்றாவதுதான் சிக்கலானது. ஆபத்து தெரிந்தும் சொல்லாமல் இருப்பது. சொன்னால் கட்டிலோடு கட்டிவிடுவார்களோ, வீட்டுக்குப் போவது தள்ளிப்போகுமோ என்ற பயம். 'மனநோயாளி சொன்னா யார் நம்புவாங்க' என்ற கசப்பும் உண்டு.

கட்டிவைத்தால் விழ மாட்டார்களே?

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டம், 2017-ன் 97-வது பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடலைக் கட்டுப்படுத்த அனுமதிக்கிறது. ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாக முடியாது. ஒவ்வொரு முறையும் நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கட்டிவைப்பதன் விலை என்ன என்று தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தீ விபத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

என்ன செய்யலாம்?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-லேயே, மதிப்பெண் போட்டு 'இவர் விழுவார், இவர் விழமாட்டார்' என்று கணிக்க வேண்டாம் என்றது. ஆளுக்கு ஆள் காரணத்தைத் தேடிச் சரிசெய்யச் சொன்னது. அதற்கு நோயாளி வாய் திறக்க வேண்டும்.

மருந்தை மாற்றிய நாட்களில் படுத்திருக்கும்போதும் நின்றபிறகும் பி.பி. பார்க்கலாம். 'எழுந்தா எப்படி இருக்கு?' என்று கேட்கலாம். மொழியும் முக்கியம். மலையாளத்தில் 'தலகறக்கம்' என்பதைத் தமிழர் 'கிறுகிறுப்பு' என்று சொல்லலாம். கன்னியாகுமரியில் இருந்து சிகிச்சைக்குப் போகிறவரின் கூட இருக்கும் பைஸ்டாண்டர் அதை நர்ஸுக்குப் புரியவைக்கலாம். பாத்ரூம் ஈரம், கைப்பிடி, வழுக்கும் செருப்பு ஆகியவற்றை நோயாளியையே கூட நடந்து காட்டச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாக்குறுதி தேவை: தலை சுற்றுகிறது என்று சொன்னதற்காக யாரையும் கட்டிப்போட மாட்டோம். அதை நம்பினால்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.