கதவு திறந்திருக்கட்டும், சத்தம் அடங்கட்டும்



விடிகாலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் கைப்பேசியைப் பார்க்கிறீர்கள். புலனத்தில் 'காலை வணக்கம்' வந்து குவிந்து கிடக்கிறது. பூப்படம், சாமி படம், யாரோ சொன்ன கைவைத்தியம். பதில் போட்டால் மேலும் வருகிறது, போடாவிட்டால், "பெரிய ஆளாகிவிட்டாயோ?" என்ற குறை!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் பட்டணங்களுக்குச் சிதறிய பிறகு, பழைய லயத்து மக்களை மீண்டும் கூட்டி வைத்தது இந்தப் புலனம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

தொல்லை தாங்காமல் எங்கள் பழைய தோட்டத்துக் குழுவின் பக்கமே போகாதிருந்தேன். சிறுவயதில் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்டைவீட்டு மாமா காலமானார். அவருடைய மகள் குழுவில்தான் தெரிவித்திருந்தாள். அதன்மேல் எத்தனையோ பூப்படங்கள் ஏறிவிட்டன. நான் பார்த்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். "நீங்கள் வருவீர்கள் என்று வாசலையே பார்த்திருந்தோம், அக்கா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றுதான் புரிந்தது. ஒதுக்க வேண்டியது சத்தத்தை, மனிதரை அல்ல.

குழுவின் ஒலியை அடக்க 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என மூன்று வழிகள் உண்டு. நீங்கள் அடக்கியது பிறருக்குத் தெரியாது. முகநூலில் ஓயாமல் படம் போடுபவரைப் பின்தொடர்வதை நிறுத்தலாம். நட்பு அப்படியே இருக்கும், அவருக்கு அறிவிப்பும் போகாது. வேண்டாத குழுவிலிருந்து விலகவும் தயங்காதீர்கள். 2022 முதல் அந்த அறிவிப்பு குழு நடத்துநருக்கு மட்டுமே போகிறது.

ஆனால் ஒலியை அடக்கியவர், இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். நான் தவறியது அங்கேதான். நெருங்கியவர்களிடம், "நல்லது கெட்டது என்றால் குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், கூப்பிடுங்கள்" என்றும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் பட்டணம் போய்விட, தனியே இருக்கும் பாட்டி அனுப்பும் பூப்படம் வெறும் படமல்ல. 'நான் இருக்கிறேன்' என்று அவர் சொல்லும் சொல் அது. அதற்கு மட்டும் ஒரு வார்த்தை பதில் போடுங்கள்.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் வந்தேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பேறு எனக்குப் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.