சீலோவாம் கோபுரமும் பெட்டிமுடி லயங்களும்

பேரிடர் நேரும்போதெல்லாம் நம்மவர் நாவில் எளிதாய் வந்தமரும் சொற்றொடர் ஒன்று உண்டு: "எல்லாம் ஆண்டவர் சித்தம்." இரங்கல் திருப்பலிகளில் அது ஆறுதல்போல் ஒலிக்கிறது. ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்ற சட்டமொழியும் வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்குக் 'கடவுளின் செயல்' என்று பெயரிட்டு, மனிதனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. பக்தியும் சட்டமும் இவ்வளவு இணக்கமாய்க் கைகோக்கும்போது நமக்கு ஐயம் எழவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தச் சில ஆண்டுகளில் நடந்தவற்றைக் கண்ட பின்னும் இச்சொற்றொடரைக் கூசாமல் சொல்வது இறைநிந்தை என்றே கருதுகிறேன்.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் அவர்களிடையே பல. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனமையால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் செய்தியை அறிந்தது. அன்று இரவே கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. அதில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்த தொகை 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு அறிவித்தது 5 லட்சம். இந்தக் கணக்கையும் ஆண்டவர்தாம் போட்டாரா?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் மேப்பாடி ஊராட்சியில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. 250க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே ஊராட்சியின் புத்துமலையில் 2019 ஆகஸ்டு 8 அன்று மலைச்சரிவு 17 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கை அது. அதை வாசிக்க மறுத்தவர் யார்?

அறிவியல் கூறுவது எளிது. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். அரபிக் கடல் சூடேறியிருக்கிறது. பல நாள்களில் பரவலாகப் பெய்யவேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. நீரில் ஊறிய மண் தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் பாறையைவிட்டு வழுகுகிறது. வானை இவ்வாறு சூடாக்கியது நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளம் கொழித்த நாடுகளும் வகுப்பினரும். கூடை சுமந்து கொழுந்து பறித்த பெண் அதில் எரித்தது எவ்வளவு? அவள் உறங்கிய லயமும் அவளுக்குச் சொந்தமன்று. வேலை முடிந்தால் வெளியேறவேண்டிய இடம். எங்கே குடியிருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையே இல்லாதவள்மீது மலை விழுந்தது.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை ஆண்டவர் இயேசு எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம்மாற அழைத்தார். கவனியுங்கள், அழைப்பு உயிரோடு எஞ்சியவர்களுக்கு. தொடக்கநூலிலோ, பெருவெள்ளத்திற்குப் பின் இறைவன் நோவாவோடும் உயிரினங்கள் அனைத்தோடும் உடன்படிக்கை செய்து, வில்லை மேகத்தில் அடையாளமாய் வைத்தார். அதை முறித்தவர் அவரல்லர்.

மற்றொரு தரப்பினர் இன்று வேறொரு மந்திரம் சொல்கின்றனர்: "எல்லாம் பருவநிலை மாற்றம், நாம் என்ன செய்ய முடியும்?" 'ஆண்டவர் சித்தம்' வேடம் மாற்றி வந்திருக்கிறது, அவ்வளவே. வயநாட்டு மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு, புவி வெப்பத்தால் அம்மழை ஏறத்தாழ 10 விழுக்காடு கடுமையானது என்று கணித்தது. மழையைக் கூட்டியது வெப்பம். மழை விழுந்த சரிவில் காட்டை அழித்ததும், பாறையை உடைத்ததும், கட்டடம் எழுப்பியதும் யார்?

2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு, இம்மலைத்தொடர் முழுவதையும் காப்புக்குரியதாகக் கருதி, மூன்று மண்டலங்களாகப் பகுத்து, கிராம சபைகளின் பங்கேற்போடு பேணும்படி பரிந்துரைத்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அப்பரப்பை ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைத்தது. அதையும் எதிர்த்துக் கேரள மலைநாடு கொதித்தது. இடுக்கி உள்ளிட்ட மறைமாவட்டங்கள் அவ்வெதிர்ப்பில் முன்னின்றன. அம்மக்களின் அச்சத்தை நான் எள்ளவில்லை. 1940களின் உணவுப் பஞ்சத்தில் அரசே மலையேற ஊக்குவித்த சிறு விவசாயிகளின் வழித்தோன்றல்கள் அவர்கள். நிலம் போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. ஆனால், அந்த ஏழையின் குடைக்குள் கல்குவாரி முதலாளியும் விடுதி முதலாளியும் ஒதுங்கிக்கொண்டதை மேய்ப்பர்கள் ஏன் காணவில்லை? 2014இல் வரைவு அறிவிக்கை வந்தது. முண்டக்கை புதைந்த மறுநாள், 2024 ஜூலை 31 அன்று, மத்திய அரசு வெளியிட்டதும் வரைவுதான்!

மண்ணுக்கு இழைக்கும் தீங்கும் ஏழைக்கு இழைக்கும் தீங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் ஐயத்திற்கிடமின்றிக் கற்பித்தார். அம்மடலை நாம் கருத்தரங்குகளில் பாராட்டி முடித்துவிட்டோம். உதகையிலும் கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் நமக்குப் பள்ளிகளும் துறவற இல்லங்களும் தியான இல்லங்களும் உள்ளன. அங்கே சரிவில் இனி ஒரு கட்டடமும் எழுப்பமாட்டோம் என்று நம் சபைகள் அறிவிக்குமா? வால்பாறை முதல் மூணாறு வரை, லயத்தில் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு வேண்டும் என்று நம் பங்குப் பேரவைகள் தீர்மானம் இயற்றுமா? மழைக்காலத்திற்கு முன்பே அபாயச் சரிவுகளிலிருந்து மக்களை அப்புறப்படுத்துமாறு ஆட்சியரின் வாயிலில் நம் அன்பியங்கள் நிற்குமா?

அதுவரை அடுத்த இரங்கல் திருப்பலியில் மௌனமாய் இருப்போம். இறந்தோர்க்காக மன்றாடுவோம், அழுவோரோடு அழுவோம். ஆனால், மனிதர் செய்த கொலைக்கு இறைவனின் கையொப்பத்தை இடவேண்டாம்.