கூரைக்கு முன் தரை!

தென்பெண்ணைக் கரையிலே மூங்கில்துறைப்பட்டு. பெயரிலே மூங்கில் உண்டு. கரையிலே துறை உண்டு. ஊரிலே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. சுற்றிலும் கரும்பு உண்டு! அந்தக் கரும்பை வெட்டிக் கட்டும் தோழன் வீடு திரும்பும்போது எதைச் சுமந்து வருகிறான், தெரியுமா? சோகையை! சாறு ஆலைக்கு, சோகை அவன் கூரைக்கு. அந்தக் கூரை இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

நாடகம் போடுகிறவன் நான். மேடையிலே குடிசை அமைப்பது எனக்கு எளிது. ஒரு படுதா, ஓர் அரிக்கேன் விளக்கு, இருமும் கிழவர் ஒருவர் — அவையோர் கண் கலங்குவர். காட்சி முடிந்ததும் படுதாவைச் சுருட்டிவிடுவோம். உண்மைக் குடிசையைச் சுருட்டுவது மழையும் காற்றும். அப்போது கைதட்ட எவருமில்லை.

திட்டம் இல்லையோ என்பீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு! 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் பிறந்தது. 21 இலட்சம் குடிசைகளை ஆறாண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்குவது அதன் இலக்கு. 2011-இல் ஆட்சி மாறிற்று, திட்டம் கைவிடப்பட்டது, அவ்விடத்தில் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024 பிப்ரவரியில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ அறிவிக்கப்பட்டது: 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள், வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய்.

தில்லியின் கணக்கோ வேறு. 2016-இல் பிரதமர் பெயரால் வந்த ஊரக வீட்டுத் திட்டம் சமவெளியில் வீடொன்றுக்கு 1.20 இலட்சம் என்றது. 2024 ஆகஸ்டில் இன்னும் 2 கோடி வீடுகள் என்று முழங்கினர். தொகை மட்டும் அதே 1.20 இலட்சம்! எட்டாண்டுகளாகச் செங்கல் விலை உறங்கிற்றோ? சிமெண்டு மூட்டை நோன்பிருந்ததோ? அத்தொகையிலும் 100-க்கு 40 மாநிலத்தின் தலையில். கூரை போட மாநிலம் கூடுதலாக அளிப்பது வேறு. கல்லூரியைப் பாதியில் விட்டு வந்த எனக்கே விளங்கும் கணக்கு, ஆளவந்தாருக்கு விளங்காமற் போயிற்றே!

ஆனால், தில்லியைச் சாடிவிட்டுப் பேனாவை மூடிட மனமில்லை. நாம் போற்றும் திட்டத்திலும் ஒரு வாசற்படி இருக்கிறது. கனவு இல்லம் பெற, மனைக்குச் சொந்தப் பட்டா வேண்டும். பட்டா உள்ள ஏழைக்கு வீடு. பட்டா இல்லாத பரம ஏழைக்கு? புறம்போக்கில் வாழ்பவன் பட்டியலிலிருந்தே புறம் போக்கப்படுகிறான்!

ஆற்றங்கரையிலே குடிசை போட்டவன் ஆசைப்பட்டா போட்டான்? ஊருக்குள் ஒரு சென்ட் கிடைக்காததால் போட்டான். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையோர மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? நீர்நிலைப் புறம்போக்கிற்குப் பட்டா இல்லை என்பது விதி. விதி சரியே! ஆற்றை அடைத்து மனை தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. மாற்று மனை எங்கே என்றே கேட்கிறோம்.

கேட்பது புதிதும் அன்று. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் கருகின. குடியிருக்கும் மண்ணும் பிறருடையதாக இருந்தால் கூலி உயர்வு கேட்கவும் நா எழாது என்பதை அந்நாளைய தஞ்சை உழவன் அறிவான். 1971-இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது; நிலக்கிழார் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளியும் கிராமக் கைவினைஞனும் அம்மனைக்கே உரிமையாளராயினர். வீடு கட்டித் தந்த சட்டமன்று அது. காலடி மண்ணைத் தந்த சட்டம்! கூரைக்கு முன் தரை என்ற அந்த வரிசையை இடையிலே எங்கோ தவறவிட்டோம்.

மனம் வைத்தால் முடியும். 2025 பிப்ரவரியில், சென்னையிலும் பிற நகரங்களிலும் ஆட்சேபனையற்ற புறம்போக்கு நிலங்களில் நெடுங்காலம் வாழ்ந்த 86,000 பேருக்குப் பட்டா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. நகரத்துக்குக் கனிந்த நெஞ்சு நாட்டுப்புறத்துக்கும் கனியட்டும்.

மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். 1976 வரை ஜாகீர்தார் பிடியில் இருந்த மலை அது! அங்கே வாழும் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கதவு திறந்தது: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே குடியிருந்தால், கிராம சபையிலே உரிமை கோரலாம். கோரிக்கை தொடங்குமிடம் தலைமைச் செயலகமன்று; ஊர் மரத்தடி!

ஆகவே, தோழர்களே, அடுத்த கிராம சபைக்குக் கொடியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் போகட்டும். எத்தனை குடிசை, எந்தப் புறம்போக்கு, எத்தனை ஆண்டுக் குடியிருப்பு, அருகே மாற்று மனைக்கு ஏற்ற அரசு நிலம் எந்தச் சர்வே எண் — நான்கு கட்டங்கள் போதும். பட்டா கையிலிருந்தும் மனை அளந்து காட்டப்படாதோர் இருப்பின், அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சி எவருடையது என்று பாராமல், அந்த ஏட்டை வட்டாட்சியர் மேசைமீது வையுங்கள். மூங்கில்துறைப்பட்டுப் பட்டியல் எழுதும் நாளைச் சொல்லுங்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க நானும் வருகிறேன்.