பேரனிடம் சொல்ல முடியாத நோய்

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் சென்று பொன்னம்பலவாணேசுவரரைத் தரிசித்து வருபவர். சில ஆண்டுகளாக அவரை வெளியில் காண முடிவதில்லை. முழங்கால் நோ என்றே எண்ணியிருந்தோம். உண்மைக் காரணத்தை என் மனைவியிடம்தான் சொன்னார்.

"இருமினால், தும்மினால் சலம் போகுது பிள்ளை. இந்த உடம்போட கோயிலுக்கு எப்பிடிப் போறது?"

வைத்தியரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது; அம்மையாருக்குச் சிங்களம் போதாது. இடையில் நின்று மொழிபெயர்ப்பவன் பேரன். அவனிடம் இதை எப்படிச் சொல்வது? நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்.

"வயசு போனால் வாறதுதானே" என்று இதை ஒதுக்குகிறோம். அது சரியன்று. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து ஏணைபோலத் தாங்குபவை இடுப்புத் தளத் தசைகள். பிரசவம், உடற்பருமன், நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் முதலியவற்றால் அவை தளர்கின்றன. தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்று அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கெகல் 1948 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 2018 இல் கொக்ரேன் அமைப்பு 14 நாடுகளின் 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. இருமல், தும்மல், பாரம் தூக்கல் ஆகியவற்றின்போது கசிவு ஏற்படும் பெண்களில், பயிற்சி செய்தவர்களுள் 56 வீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். செய்யாதவர்களுள் அப்படிக் கூறியோர் 6 வீதத்தினரே.

பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல அத்தசைகளை உள்ளிழுத்து, சில விநாடிகள் பிடித்து, விட வேண்டும். எட்டு முறை வீதம் நாளுக்கு மூன்று தடவை. குறைந்தது மூன்று மாதங்கள். பலர் வேறு தசைகளை இறுக்கிவிடுவதால் தெரிந்த ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்வது நல்லது. எல்லாக் கசிவும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. சிறுநீரில் இரத்தமோ வலியோ இருந்தால் தாமதியாது வைத்தியரை நாட வேண்டும்.

அறிவு உலகில் இருக்கிறது. அது நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இலங்கை ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றும், பாதிக்கப்பட்ட பெண்களிற் பெரும்பாலோர் சிகிச்சை நாடவில்லை என்றே காட்டியது. வெட்கம் அதற்கொரு காரணம்.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. மகளிர் பக்கத்துக்கு வந்த இத்தகைய கட்டுரை ஒன்றை, "குடும்பத்தார் வாசிக்கும் பத்திரிகை" என்று கூறி ஒதுக்கிவைத்தவன் நானே. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், பிரசவ மருத்துவ நூலைத் தமிழாக்கி 1857 இல் வெளியிட்டார். அந்நியர் ஒருவர் நம் மொழியில் கூசாது எழுதியதை, அதே மொழியில் பிறந்த நான் அச்சிடக் கூசினேன்.

35 வயதைக் கடந்த பெண்களுக்காக 1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் நாட்டில் உள்ளன. அங்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கேள்வி கட்டாயமாகக் கேட்கப்பட வேண்டும்: "இருமும்போது சிறுநீர் கசிகிறதா?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அக்கேள்வி தமிழில் வர வேண்டும், ஒரு பெண்ணின் வாயிலிருந்து வர வேண்டும். அரச மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது மொழியுரிமை மட்டுமன்று. அது மருத்துவத் தேவையும்கூட.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வாராவாரம் தாயுடன் தொலைபேசியில் பேசும் மகள்மாருக்கு ஒரு வேண்டுகோள். "சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா" என்பதோடு இதையும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அந்த அம்மையாருடன் பேரன் போகவில்லை. என் மனைவி போகிறார்.