கல்லில் ஒட்டிய சொற்கள்

பயணம் போகிற ஊரில் ஒரு நாளாவது சமையல் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள் என்று நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். அந்த ஊர்க்காரர் ஒருவரின் அடுப்பு முன்னால் மூன்று மணி நேரம் நின்றால் போதும், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதோடு ஏன் அதைச் சாப்பிடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பிரான்ஸ் போயிருந்தோம். பாரிசில் நான்கு நாள் சுற்றிவிட்டு, கிரேப் சுடக் கற்றுக்கொள்வதற்காகவே மேற்கே ரயில் ஏறினோம்.

கிரேப் நமக்குப் புதிதில்லை. கோலாலம்பூர் பேரங்காடிகளில் வாழைப்பழமும் சாக்லெட்டும் வைத்து மடித்துக் கொடுக்கிறார்களே, அதுதான். அதன் தாய்வீடு, பிரான்சின் மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி. பெயரைப் பார்த்து பிரிட்டன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டன் தீவிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்களால் வந்த பெயர் அது. அவர்கள் கூடவே கொண்டுவந்தது பிரெட்டன் மொழி. அது பிரெஞ்சு மொழிக்கு அயல்; வேல்ஸ் மொழிக்குத்தான் சொந்தக்காரி.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரத்தில் கெம்பேர் நகரம் வந்துவிடுகிறது. பிரெட்டன் மொழியில் அந்தப் பெயருக்கு ஆறுகள் கூடுமிடம் என்று பொருள். ஓடே, ஸ்டேர் என்ற இரண்டு ஆறுகள் அங்கே கலக்கின்றன. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் ஊரிலிருந்து போன எங்களுக்கு அதைக் கேட்டதும் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. பழைய நகரத்தில் வெண்ணெய்ச் சதுக்கம் என்றே ஓர் இடம் இருக்கிறது. அதைச் சுற்றி வரிசையாக கிரேப் கடைகள். தெருப் பலகைகளில் பிரெஞ்சும் பிரெட்டனும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன.

வகுப்பில் எங்களைச் சேர்த்து ஆறு பேர். ஆளுக்கு 60 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய 300 ரிங்கிட். கற்றுக்கொடுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பிரெஞ்சும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசினார். முதலில் இரண்டு கிண்ணங்களை எங்கள் முன்னால் வைத்தார். ஒன்றில் வெள்ளையான கோதுமை மாவு. இன்னொன்றில் சாம்பல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு ஒரு மாவு. இனிப்பு கிரேப்புக்கு முதலாவது, உப்பு கிரேப்புக்கு இரண்டாவது. அந்தச் சாம்பல் மாவை அங்கே கறுப்புக் கோதுமை என்கிறார்கள். உண்மையில் அது கோதுமைக் குடும்பமே இல்லை. புல் இனத்திலும் சேராது. பசைத்தன்மை தரும் குளூட்டன் அதில் கிடையாது.

“இது ஏழைகளின் மாவு” என்றார் அந்த அம்மா. சத்தில்லாத புளிப்பு மண்ணிலும் கறுப்புக் கோதுமை விளையும். விதைத்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடைக்கு வந்துவிடும். விளைந்த நல்ல கோதுமை நிலக் குத்தகைக்கும் விற்பனைக்கும் போய்விட, உழுதவன் வீட்டுக்கு மிஞ்சியது இதுதான். ரொட்டியாக நன்றாக உப்பி வராது என்பதால் கரைத்துக் கல்லில் ஊற்றிச் சுட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு காலத்தில் வறுமையின் அடையாளமாக இருந்த இந்த மாவுக்கு, 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. வெண்ணெயிலும் ஒரு கதை இருக்கிறது. மன்னராட்சிக் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதி உப்புக்கு வரி கட்டியது. பிரிட்டனிக்கு அதிலிருந்து விலக்கு. அதனால் அங்கே வெண்ணெயில் தாராளமாக உப்புச் சேர்த்தார்கள். இன்றும் உப்பு வெண்ணெய் இல்லாத சமையலறையை அங்கே பார்க்க முடியாது.

மாவு கரைப்பது எளிது. அரைக் கிலோ கறுப்புக் கோதுமை மாவு, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், 15 கிராம் கல்லுப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையாலேயே அடித்து அடித்துக் கரைக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் ஊறவிட வேண்டும்; இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. எங்கள் வகுப்புக்கு முதல் நாளே கரைத்து வைத்திருந்தார்.

அடுத்து வந்தது கல். நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில், விளிம்பே இல்லாத தட்டையான இரும்புக் கல். அதை அவர் ‘பிலிக்’ என்றார். மாவைப் பரப்ப, குச்சி முனையில் குறுக்குக் கட்டை பொருத்திய ஒரு சிறு மரக் கருவி. அது ‘ரொசெல்’. திருப்பிப் போட நீளமான மெல்லிய மரத் தகடு. அது ‘ஸ்பனெல்’. நம் வீட்டில் கரண்டியின் அடிப்பக்கத்தால் மாவை நடுவிலிருந்து வெளியே சுழற்றி இழுப்போம். இங்கே இரண்டு விரலில் ரொசெல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் எடை மட்டும் மாவில் படும்படி மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். அழுத்தினால் மாவு கிழிந்துவிடும். முதல் கிரேப் எப்போதும் பாழ் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது வழக்கமாம். பக்கத்துக் கல்லில் நின்ற தம்பதியின் முதல் கிரேப் இரண்டு துண்டாக வந்தபோது எல்லோரும் கைதட்டினோம்.

எங்கள் கல்லில் என் மகள் நின்றாள். பதின்மூன்று வயது. மூன்றாவது சுற்றில் மணிக்கட்டு பழகிவிட்டது. ஓரம் பொன்னிறமாகி மெல்லத் தூக்கிக்கொண்டதும் அந்த அம்மா, “க்ராஸ்! க்ராஸ்!” என்று உற்சாகமாகக் கூவினார். முறுகல் என்று பொருளாம்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வகுப்பு முழுவதும் அவர் பேசியது பிரெஞ்சு. ஆனால் கல், கட்டை, திருப்பி, முறுகல் எல்லாவற்றுக்கும் அவர் வாயில் வந்தது பிரெட்டன் சொல். உங்களுக்கு பிரெட்டன் பேசத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். “என் பாட்டி பேசுவார். என் அம்மாவுக்குக் கேட்டால் புரியும். எனக்கு இந்த அடுப்படிச் சொற்கள் மட்டும்தான்.”

மூன்றே தலைமுறை. இத்தனைக்கும் அந்த மொழியை யாரும் வீட்டுக்குள் புகுந்து பிடுங்கவில்லை. பள்ளிகளில் தொல்லை இருந்தது உண்மைதான். பிரெட்டன் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையையோ பழைய மரச் செருப்பையோ தொங்கவிடுவார்களாம். அதற்கு ‘மாடு’ என்று பெயர். அடுத்து ஒரு பிள்ளை பிரெட்டன் பேசி மாட்டினால் அது அந்தக் கழுத்துக்கு மாறும். அப்படி வளர்ந்தவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோர் ஆனபோது, பிள்ளைகளாவது நன்றாக இருக்கட்டும் என்று வீட்டில் பிரெஞ்சுக்கு மாறினார்கள். அன்பினால்தான் மாறினார்கள். இன்று யுனெஸ்கோ பிரெட்டனைக் கடும் அழிவு அபாயத்தில் உள்ள மொழியாகக் குறித்திருக்கிறது. 1977இல் சில பெற்றோர் சேர்ந்து, ஒரு கைப்பிடிப் பிள்ளைகளோடு பிரெட்டன் வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். ‘திவான்’ என்று பெயர் வைத்தார்கள். முளைவிடுதல் என்று பொருள். அது இன்று பல பள்ளிகளாகப் பெருகியிருக்கிறது. ஆனால் வீட்டில் தானாக வந்திருக்க வேண்டியதை, முயன்று திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சுட்டதைச் சாப்பிட உட்கார்ந்தோம். காளானும் சீஸும் வைத்த கிரேப், கூடவே ‘லே ரிபோ’ என்ற புளித்த மோர். மோரைக் குடித்த என் கணவர், இதில் இஞ்சியும் கறிவேப்பிலையும்தான் குறை என்றார். அந்த அம்மா மகளிடம் கேட்டார், “உங்கள் வீட்டிலும் இதுபோல ஒன்று உண்டாமே? இதற்கெல்லாம் உங்கள் மொழியில் என்ன பெயர்?”

மகள் கல்லைக் காட்டி, “தோசைக்கல்” என்றாள். “மாவு” என்றாள். ஸ்பனெல்லைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, “அம்மா, இதுக்கு என்ன?” என்றாள். தோசைத் திருப்பி என்றேன். அவள் அதை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் சேர்ந்தே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு ரயிலில் வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழில் நாம் தோசை வார்க்கிறோம், இட்லி அவிக்கிறோம், முறுக்கு பிழிகிறோம், அப்பளம் பொரிக்கிறோம், கீரை கடைகிறோம், சாம்பாரைத் தாளிக்கிறோம், சூடான காப்பியை ஆற்றுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் கை ஒரு விதமாக அசைகிறது. அதற்கேற்ற சொல் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேச்சில் இவை எல்லாமே ‘செய்வது’ ஆகிவிட்டன. தோசை செய்தோம், இட்லி செய்தோம், காப்பி செய்தோம். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக்கூட இந்தச் சொற்கள் பாடப்புத்தகத்திலிருந்து வருவது கடினம். அடுப்புப் பக்கத்தில் நின்று, மாவு கையில் ஒட்ட, சூடு முகத்தில் பட்டு வர வேண்டியவை.

இளம் தம்பதிகள் இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு நேரமில்லை, மாவே பாக்கெட்டில்தான் வாங்குகிறோம் என்று சொல்லலாம். அதனால் என்ன? மாவு கடையில் வாங்கியதாக இருந்தாலும் வார்ப்பது வீட்டில்தானே. “தோசை வார்க்கலாம் வா” என்று பிள்ளையைக் கூப்பிட ஒரு விநாடி போதும். தாத்தா பாட்டி கூட இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாட்டியிடம் சமையல் குறிப்பு கேட்டால் “கண்ணளவுதான்” என்று முடித்துவிடுவார். பிள்ளையை அவர் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். கை வேலை நடக்கும்போது சொல் தானாக வந்து விழும்.

பிரிட்டனி போகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். அங்கே கல்லுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவும் பழக்கம் உண்டு. சைவ உணவுக்காரர்கள் வகுப்பில் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் வெண்ணெய் தருவார்கள். கடைகளில் ‘கொம்ப்ளேத்’ என்று எழுதியிருந்தால் முட்டை, சீஸோடு பன்றி இறைச்சியும் இருக்கும்.

நினைவுப் பொருளாக ஒரு ரொசெல் மட்டும் வாங்கிவந்தோம். புளித்த தோசை மாவுக்கு அது சரிப்படவில்லை, நம் கரண்டிதான் சரி. ஆனால் ஞாயிறு காலைகளில் இப்போது கல் முன்னால் நிற்பது மகள்தான். போன வாரம் அவள் அப்பா அவசரமாக வந்து, “எனக்கு ரெண்டு தோசை செய்” என்றார். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “வார்க்கணும்ப்பா” என்றாள்.