பனிக்கடலின் மேல்தண்ணீர்

கிரீன்லாந்தின் தென்கிழக்குக் கரையில் செர்மிலிக் என்றொரு இடம் இருக்கிறது. இருபுறமும் மலை. நடுவே குறுகலாகவும் ஆழமாகவும் உள்ளே புகுந்திருக்கிறது கடல். இத்தகைய நீர்ப்பரப்புக்கு நார்வே மக்கள் "பியோர்டு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் தலைப்பில் ஹெல்ஹைம் என்ற பனியாறு கடலில் இறங்குகிறது. அதிலிருந்து முறிந்த பனிமலைகள் கூட்டங்கூட்டமாக மிதக்கின்றன.

அங்கே மேல்தண்ணீர் என்ன வேகத்தில் ஓடுகிறது? கேள்வி சிறியது; விடை காண்பதுதான் கடினம்.

அடியில், அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பான உப்புநீர் உள்ளே வந்து பனியாற்றைக் கரைக்கிறது. கரைந்த நன்னீர் லேசானது. அது உப்புநீருடன் கலந்து மேலேறி, வெளிக்கடலை நோக்கிப் போகிறது. வெளியேறும் நீரை அளந்தால்தான், கரைந்த பனிக்குக் கணக்குக் கிடைக்கும்.

கடலடியில் கருவி வைத்து, மேல்நோக்கி ஒலி அனுப்பி அளக்கலாம். ரயில் வரும்போது ஊதல் ஒரு சுருதியிலும், கடந்து போகும்போது வேறு சுருதியிலும் கேட்கிறதல்லவா? டாப்ளர் 1842-ல் கூறிய தத்துவம் அது. நீரிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாற்றமே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடும். ஆனால் மேல்மட்டத்தை நெருங்கியதும், நீர்ப்பரப்பிலிருந்து வரும் எதிரொலி கணக்கைக் குழப்புகிறது. கருவியை மேலே கட்டினாலோ, பனிமலை இழுத்துக்கொண்டு போய்விடும்!

2012, 2013-ம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பனிமலைகளின் மீதே இருப்பிடங்காட்டும் கருவிகளை வைத்தார்கள். நல்ல யுக்திதான். ஆயினும் பனிமலையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கிறது. ஆழத்து ஓட்டமும் அதைத் தள்ளுகிறது. மேல்தண்ணீரை மட்டும் அது காட்டாது.

பொறுமைக்குப் பலன் உண்டு. 1893-ல் நார்வே வீரர் நான்சன், தம் கப்பலை வடதுருவப் பனியில் உறையவிட்டு அதோடு மிதந்து சென்றார். காற்றடிக்கும் திசைக்கு வலப்புறமாகப் பனி விலகிச் செல்வதைக் குறித்துக் கொண்டார். அந்தக் குறிப்பே, காற்றால் எழும் நீரோட்டத்தின் விதியை 1905-ல் எக்மான் வெளியிட அடிப்படையாயிற்று.

கிரீன்லாந்துப் பனி முழுவதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். நாளையே அது நேரப் போவதில்லை. ஆனால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் எவ்வளவு உயரும்? அது தெரியாமல் கரைச்சுவருக்கு உயரம் குறிப்பது எப்படி?

கோடையில் ஒரு கப்பலை அனுப்பி அளந்துவிட்டுத் திரும்பினால் போதாது. குளிர்காலத்திலும், பல ஆண்டுகள் தொடர்ந்தும் அளக்க வேண்டும். ஒரு கருவி தொலைந்தால் மற்றொன்றை இறக்க வேண்டும். செலவைக் காட்டி அரசாங்கங்கள் தயங்கக் கூடாது. ஊகத்தை நம்பிக் கட்டிய சுவரைக் கடல் தாண்டினால், அப்போது ஆகும் செலவு இதைவிடப் பெரிது.