இரண்டு விரல் சமாச்சாரம்

கிடார் கற்றுத்தரும் புத்தகம் எதையாவது புரட்டிப் பாருங்கள். முதலில் தந்திகளின் பெயர், பிறகு ஈ, ஏ, டி கார்டுகள். கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு பக்கத்தில் 'ப்ளூஸ் ஷஃபிள்' வந்து போகும். இரண்டு விரல் போதும், மூன்று கார்டுதான், அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும் என்கிற தொனியில் எழுதியிருப்பார்கள். அடுத்த பக்கம் திருப்பினால் பென்டடானிக் ஸ்கேல், அதற்கடுத்து சோலோ. வாங்கியவர் எதற்காகப் புத்தகம் வாங்கினாரோ அது வந்துவிட்டது. ஷஃபிள் பக்கத்துக்கு யாரும் திரும்பப் போவதில்லை.

அந்த அரை மணி நேரத்தில் வருவது விரலை எங்கே வைப்பது என்கிற விவரம் மட்டும்தான். ஷஃபிள் வருவதற்கு வருடக்கணக்கில் ஆகும். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள்தான் அதிகம்.

தெரியாதவர்களுக்காக. ஏ-யில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது தந்தியைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, நான்காவது தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். இரண்டு தந்தியையும் சேர்த்து இரண்டு தட்டு. பிறகு அதே தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து இரண்டு தட்டு. மறுபடி ஆள்காட்டி, மறுபடி மோதிரம். டி-க்குப் போகும்போது இதே உருவத்தை மெல்லிய தந்திப் பக்கம் ஒரு தந்தி நகர்த்த வேண்டும், ஈ-க்குப் போகும்போது தடித்த தந்திப் பக்கம் ஒரு தந்தி. நான்கு பார் ஏ, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, அப்புறம் ஈ, டி, ஏ, ஈ என்று ஆளுக்கு ஒரு பார். மொத்தம் பன்னிரண்டு. திரும்ப முதலிலிருந்து.

இவ்வளவுதானா? இடது கைக்கு இவ்வளவேதான். வலது கைக்கு இங்கேதான் ஆரம்பம்.

ஷஃபிளில் தட்டுகள் சம இடைவெளியில் விழாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. பாட்டு வகுப்பிலோ மிருதங்க வகுப்பிலோ திச்ர நடை சொல்லிப் பழகியவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 'தகிட தகிட' என்பதில் நடுவிலுள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த... ட, த... ட' என்று சொன்னால் அதுதான் கணக்கு. ஆனால் கணக்கு மட்டும்தான். சரியாக இரண்டுக்கு ஒன்று என்று அளந்து வாசித்தால் நொண்டிக் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். வேகம் குறைந்த பாட்டில் நீளத் தட்டு இன்னும் கொஞ்சம் நீளும், குட்டைத் தட்டு அடுத்ததை ஒட்டிக்கொண்டு வரும். வேகம் ஏற ஏற இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிடும். டேப்லேச்சரில் இதையெல்லாம் எழுத முடியாது. எழுதவும் மாட்டார்கள். மேலே ஓர் ஓரத்தில் 'ஷஃபிள்' என்று போட்டுவிட்டு, கீழே 2 2 4 4 என்று எண்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள்.

இந்த இரண்டு விரல் சமாச்சாரம் கிடாரில் பிறந்ததே இல்லை. அது பியானோக்காரர்களின் இடது கை. 1928-இல் பைன்டாப் ஸ்மித் சிகாகோவில் பதிந்த 'பைன் டாப்ஸ் பூகி வூகி'யைக் கேட்டால் இடது கை ஓயாமல் உருண்டுகொண்டே இருப்பது தெரியும். மிசிசிப்பிப் பக்கத்துக் கிடார்க்காரர்கள் அந்த இடது கையைத் தடித்த தந்திகளில் இறக்கினார்கள். 1935-இல் ஜானி டெம்பிள் பதிந்த ஒரு பாட்டில் அது இருக்கிறது. அடுத்த வருடம் நவம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராபர்ட் ஜான்சன் பதிந்த 'ஸ்வீட் ஹோம் சிகாகோ'வில் அது முழு உருவத்தில் நிற்கிறது. ஜான்சன் தனி ஆள். பியானோ, டிரம்ஸ், பாஸ் ஒன்றும் கிடையாது. ஒரு பியானோ செய்ய வேண்டிய வேலையைக் கட்டை விரல் செய்தது. 'சும்மா ரிதம்தானே' என்று இன்று தாண்டிப் போகிற விஷயம் அன்றைக்கு ஒரு முழு வாத்தியத்துக்கு மாற்றாக இருந்தது.

இந்த ரிதத்தை உலகத்தின் காதில் ஏற்றியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ஜிம்மி ரீட் பெயரைச் சொல்வார்கள். 1955-இல் 'யூ டோன்ட் ஹேவ் டு கோ' ஆர் அண்ட் பி பட்டியலில் ஏறியதிலிருந்து, 1961-இல் வந்த 'பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி' வரை ஹிட்டுக்கு மேல் ஹிட். சோம்பேறித்தனமாக, அரைத் தூக்கத்தில் வாசிப்பது போலக் கேட்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கால் தானாக ஆடும். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் கொண்டுவந்த முதல் ஆல்பத்திலேயே ரீட்டின் 'ஹானஸ்ட் ஐ டூ' உண்டு. எல்விஸ் 1968 டிவி நிகழ்ச்சியில் கிடாரைத் தூக்கிக்கொண்டு வாசித்தது ரீட்டின் 'பேபி வாட் யூ வான்ட் மீ டு டூ'.

அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் அடியில் உருண்டுகொண்டிருக்கும் கிடார் ரீட்டினுடையது அல்ல. எடி டெய்லருடையது.

எடி டெய்லர் 1923-இல் மிசிசிப்பி மாநிலத்தின் பெனாய்ட்டில் பிறந்தவர். ரீட் இரண்டு வயது சின்னவர். இருவரும் சிறுவயது நண்பர்கள். லேலண்ட் என்கிற ஊரில் இருந்த காலத்தில் ரீட்டுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தவரே டெய்லர்தான். பிறகு இருவரும் வடக்கே போனார்கள், வீ-ஜே கம்பெனியில் ஒன்றாகப் பதிந்தார்கள் (பீட்டில்ஸ் பாடல்களை 1963-இல் முதன்முதலாக அமெரிக்காவில் வெளியிட்டதும் இதே வீ-ஜேதான், அடுத்த மூன்று வருடத்தில் திவாலானது தனிக்கதை). ரீட் பாடுவார், கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவை ஊதுவார். பக்கத்தில் டெய்லர் இரண்டு விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார்.

இசை ரசிகர்களிடையே ஒரு வாதம் உண்டு. ப்ளூஸ் ஃபீல் என்பது பிறவியிலேயே வர வேண்டும், அது அவர்கள் ரத்தத்தில் ஓடுகிறது, கற்றுக்கொடுக்க முடியாது என்பார்கள். கேட்பதற்குப் பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. யோசித்தால் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ரத்தத்தில் ஓடுகிறது என்றால் உழைப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை என்றாகிறது. ரீட்டுக்கு டெய்லர் என்று ஒரு வாத்தியார் இருந்தார். டெய்லர் தனக்கு முந்தைய டெல்டா கிடார்க்காரர்களைப் பார்த்துக் கற்றார். பார்ப்பது, கேட்பது, தப்பாக வாசிப்பது, பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது, மறுபடி வாசிப்பது. ஒருவர் இன்னொருவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த விஷயத்தை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டால், சொல்லிக்கொடுத்தவர் கணக்கில் என்ன மிஞ்சும்?

உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பாட்டுக்கு உரிமை என்றால் சொல்லுக்கும் மெட்டுக்கும்தான். அடியில் ஓடும் ரிதத்துக்கு எழுதியவர் என்று யார் பெயரையும் போடும் வழக்கம் இல்லை. 'பேட் பாய்', 'பிக் டவுன் பிளேபாய்' என்று டெய்லர் சொந்தப் பெயரிலும் ஐம்பதுகளில் நல்ல தட்டுகள் கொடுத்தார், ஆனால் ரீட்டுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்கவில்லை. 1985 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். சிகாகோவுக்குப் பக்கத்தில் ரெஸ்ட்வேல் கல்லறைத் தோட்டத்தில், பெயர் பொறித்த கல் கூட இல்லாத குழியில் புதைத்தார்கள். ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 1987-இல். ரீட் 1976-லேயே போய்விட்டார், அவரை 1991-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ரீட் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் வலிப்பு நோயோடும் குடியோடும் மல்லுக்கட்டியவர்தான். ஸ்டுடியோவில் அடுத்த வரி மறந்துபோகும் என்று மனைவி பக்கத்தில் நின்று காதோடு எடுத்துக் கொடுப்பாராம், சில தட்டுகளில் அந்தக் குரல் கூடப் பதிவாகியிருக்கிறது.

சரி, வலது கைக்கு வருவோம்.

புதிதாகக் கற்பவர் எல்லோரும் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். பார்க்க வேண்டிய கை மற்றது. உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளின் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். அழுத்தினால் 'டொக் டொக்' என்று கட்டை சத்தம், எடுத்துவிட்டால் கோயில் மணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது எந்தப் படத்திலும் தெரியாது. எல்லாத் தட்டையும் மேலிருந்து கீழே அடிப்பதா, கீழ்-மேல் என்று மாற்றி அடிப்பதா என்பது அடுத்த சண்டை. எல்லாம் கீழ்நோக்கி அடித்தால் கனமாக, வண்டி இழுப்பது மாதிரி வரும். மாற்றி அடித்தால் துள்ளும். ஸ்டீவி ரே வான் 1983-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் ஜாய்' இந்த இரண்டாவது வகையின் உச்சம். பாஸ் சுரம் கீழ்நோக்கி, மேல் தந்திகள் ஒவ்வொரு தாளத்துக்கும் இடையில் மேல்நோக்கி. அதைக் கேட்டுவிட்டு முதல் மாதத்திலேயே இறங்கினால் மணிக்கட்டுதான் போகும்.

பெரும்பாலானோர் சறுக்குவது ஐந்தாவது பாரில். ஏ-யிலிருந்து டி-க்கு மாறும் அந்த ஒரு நொடியில் பதற்றம் வந்து, கை அரைத்தட்டு முந்திவிடும். வாசிப்பவருக்குத் தெரியாது. செல்போனில் பதிந்து கேட்டால் தெரியும். கேட்கவே கூச்சமாக இருக்கும், அதனால்தான் யாரும் பதிவதில்லை :-) இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்த அடியை ஒன்று, மூன்று என்று எண்ணாமல் இரண்டு, நான்கு என்று எண்ண வேண்டும். பாட்டின் வேகம் 120 ஆகிவிடும், ஒன்றாம் அடியைக் காட்ட யாரும் இல்லை, அதை உள்ளேயிருந்து கொண்டுவர வேண்டும். முதல் நாள் நான்கு பார் தாண்டினால் பெரிய விஷயம்.

'ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறதே, போர் அடிக்காதா' என்பார்கள். இந்தக் காலத்தில் ஒரு ஆப்பைத் தட்டினால் பின்னணி ஷஃபிள் மணிக்கணக்கில் ஓடும், எதற்கு மனுஷன் வாசிக்க வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஜான் லீ ஹூக்கர் 1956-இல் பதிந்த 'டிம்பிள்ஸ்' கேட்கச் சொல்லலாம். ஹூக்கர் பன்னிரண்டு பார் கணக்கெல்லாம் பார்ப்பவர் இல்லை. தோன்றியபோது கார்டு மாறுவார், தோன்றாவிட்டால் மாற மாட்டார். பக்கத்தில் கிடார் வாசிப்பவர் அவர் வாயையும் காலையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பதிவில் பக்கத்துக் கிடார் யார் தெரியுமா? மறுபடி எடி டெய்லர். ஹூக்கர் எங்கே திரும்பினாலும் அங்கே முன்கூட்டியே நிற்கிறார். ஆப்பினால் அது முடியாது. ஆப் பன்னிரண்டு பார் எண்ணிவிட்டுத் தன் வழியில் போய்விடும், பாடுகிறவர் நடுவில் நிற்பார்.

அதற்காகச் சோலோவே கற்கக் கூடாதா என்று சண்டைக்கு வர வேண்டாம். தாராளமாகக் கற்கலாம். ஆனால் ஒரு குழுவில் நான்கு கிடார்க்காரர்கள் சேர்ந்தால் நான்கு பேருக்கும் சோலோ தெரிந்திருக்கிறது, ஒருவர் சோலோ வாசிக்கும்போது அடியில் பிடித்துக்கொள்ள மற்ற மூவரில் ஆள் இல்லை. எந்த ஊர் காலேஜ் விழா மேடையிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. டிரம்மர் பாவம், தனியாக மாரடித்துக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. புத்தகத்தை மூடிவிட்டு ஜிம்மி ரீட்டின் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட வேண்டும். கிடாரின் சத்தத்தைப் பாட்டைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு கூடவே வாசிக்க வேண்டும். சுருதி சேரவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்தக் காலத் தட்டுகள் பல அப்படித்தான், தந்தியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் சில வாரங்கள் இரண்டு கிடார் தனித்தனியாகக் கேட்கும். ஒன்று டெய்லருடையது, இன்னொன்று அதைத் துரத்திக்கொண்டு ஓடுவது. ஒருநாள் நடுவில் எங்கேயோ கையிலுள்ள கிடாரின் சத்தமே காணாமல் போகும். கேபிள் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்ப்பார்கள். கேபிள் சரியாகத்தான் இருக்கும்.